லெப்பாக் அடித்த இடத்தில் வண்டி நிற்கவில்லை

சவ வண்டியின் முன் சீட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டுநர் பத்து காஜா ஊர்ப் பக்கத்து ஆள். எங்கள் புந்தோங் சந்துகள் தனக்குத் தெரியாது, வழி சொல்ல ஒருவர் வேண்டும் என்றார். மாமா பின்னால் பெட்டியோடு இருந்தார். அப்பா எங்களை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. அம்மா வாசலைத் தாண்டி வரவில்லை. மிச்சம் இருந்தது நான்.

மடியில் பொரி போட்ட பிளாஸ்டிக் பை. ஏர்கோன் காற்றில் மல்லிகையும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை வந்துகொண்டே இருந்தது. "இங்க லெப்டு", "அடுத்த சந்துல ரைட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கல்யாண வீட்டுக்கு வழி சொல்வது போலத்தான் என் குரல் இருந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திடல் முனை திரும்பியதும் மோட்டார் சைக்கிள்கள் தெரிந்தன. இருபதுக்குக் குறையாது. வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அங்சானா மரத்தடியில் அந்தச் சீட்டு. பழைய பஸ்ஸில் இருந்து கழற்றிக் கொண்டுவந்து போட்ட நீளச் சீட்டு அது. என் அண்ணன் பிரகாஷ் தினமும் சாயங்காலம் லெப்பாக் அடிக்கிற சீட்டு. அன்றைக்கு அதைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மாலை.

ஜீவா நடுரோட்டுக்கு வந்து கையைத் தூக்கினார். பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் இருந்தே அண்ணனோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவர்.

"நிறுத்தவா தங்கச்சி? பசங்க கேக்குறாங்க போல" என்றார் ஓட்டுநர். கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தது.

"வேணாண்ணே. போங்க."

"ரெண்டு நிமிசந்தானே லா."

"போங்கண்ணே."

ஜீவா ஓரம் விலகினார். கையைக் கீழே போட மறந்துவிட்டார் போல. வண்டி தாண்டிய பிறகும் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கை அப்படியே தூக்கியபடி இருந்தது.

எங்கள் பக்கத்தில் வயசுப் பையன் யாராவது செத்துப்போனால், சுடலைக்குப் போகும் வழியில், அவன் அதிகமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். வேலை செய்த பட்டறை, கோயில் வாசல், பந்து விளையாடும் திடல், எதுவாகவும் இருக்கலாம். கூட்டாளிகள் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மோட்டாரை எல்லாம் ஒரே நேரத்தில் உறுமவிட்டு அனுப்பி வைப்பார்கள். யாரும் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

நான் மறுத்தேன். இந்த வாரம் அதைத்தான் எழுத வேண்டும். தெம்பு இல்லை. ஆனால் இதைத் தாண்டி வேறு எதையும் எழுதவும் முடியவில்லை.

அக்கா போட்ட கோடு

இந்தப் பத்திரிகைத் தொடரை நான் போனில் தட்டி அனுப்புகிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள். எந்த இடத்தில் எந்த 'ர' என்று இன்னும் தடுமாறுவேன். பத்திரிகை ஆசிரியர் அக்காதான் எல்லாவற்றையும் திருத்திப் போடுகிறார்.

போன வாரம் அவர் ஒரே ஒரு வார்த்தைக்குக் கீழே கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். லெப்பாக்.

"மலாய்ச் சொல் எதுக்கு கவி? வீணாப் பொழுது கழிக்கிறதுன்னு போட்டுடலாமா?"

"வேணாங்க்கா" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் வேண்டாம் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மா வாயில் அது திட்டு. "எங்க போயி லெப்பாக் பண்ணிட்டு வாரான் பாரு" என்பார். அண்ணன் ஐந்து நிமிடம் பிந்தினாலும் அதே வார்த்தைதான், ஐந்து மணி நேரம் பிந்தினாலும் அதே வார்த்தைதான்.

நான் வேலை செய்வது கடலை, முறுக்கு எல்லாம் பாக்கெட் போடும் ஒரு தொழிற்சாலையில். அங்கே சூப்பர்வைசர் வாயில் அது அதட்டல். தண்ணீர் குடிக்க நின்றால் "ஜாங்கான் லெப்பாக்", அதாவது லெப்பாக் அடிக்காதே. குனிந்து செருப்பைச் சரி செய்தால் "ஜாங்கான் லெப்பாக்." எங்களோடு ஒரு பங்களாதேஷ்காரர் இருக்கிறார். அவர் கற்றுக்கொண்ட முதல் மலாய் வார்த்தை இதுதான். சோறு, தண்ணீர் எல்லாம் பிறகுதான் கற்றுக்கொண்டார்.

பையன்கள் வாயில் அது அழைப்பு. "மச்சான், லெப்பாக் அடிப்போமா?" எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சாப்பிட வா என்றால் எதற்கு என்றா கேட்போம்?

பெண்களை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஒரு பெண் எங்காவது லெப்பாக் அடிக்கிறாள் என்று பேச்சு வந்தால், அந்தப் பேச்சு போகிற திசையே வேறு. அதனால் இருபத்து மூன்று வயது வரைக்கும் நான் அதைச் செய்ததே இல்லை. வேலை, பஸ், வீடு, சமையல். அலுப்பாக இருந்தால் படுத்துத் தூங்குவேன். தூங்குவதும் லெப்பாக் அடிப்பதும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியாது.

லூமுட்டில் நாலு மணி நேரம்

அண்ணன் லாரியில் கெலிண்டான். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். ஈப்போவில் ஏற்றுகிற அரிசியும் வெங்காயமும் லூமுட் துறைக்குப் போகும். அங்கிருந்து பங்கோர் தீவுக் கடைகளுக்குப் படகில் போகும்.

படகு எப்போது வரும் என்பது படகுக்குத்தான் தெரியும். அது வரும்வரை அண்ணன் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பான். சில நாள் நாலு மணி நேரம். கடல் காற்று, கருவாட்டு வாசனை, வெய்யில். ஒருமுறை அங்கிருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். ஒரு பூனை அவன் செருப்பு மேல் தலை வைத்துத் தூங்குகிறது. 'இது என்னோட சூப்பர்வைசர்' என்று கீழே எழுதியிருந்தான்.

அந்த நாலு மணி நேரத்தை யாரும் லெப்பாக் என்று சொன்னதில்லை. அம்மாகூட.

ஒருநாள் கேட்டேன்.

"அங்கயும் சும்மாதானே உக்காந்திருக்க? அப்பறம் வந்து திடல்லயும் எதுக்கு உக்கார்ற?"

"அது தவுக்கேயோட சும்மா" என்றான். தவுக்கே என்றால் அவன் முதலாளி. "இது என்னோட சும்மா."

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு கணக்கு. வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. விடிவதற்கு முன்னால் போகிறவன் நாலரை, ஐந்துக்குப் புந்தோங் திரும்புவான். நேராகத் திடலுக்குப் போவான். வீட்டுக்கு வரும்போது ஏழரை. குளிப்பான், சாப்பிடுவான், படுத்துவிடுவான்.

அவன் பகலை தவுக்கே எடுத்துக்கொண்டார். சாயங்காலத்தைத் திடல் எடுத்துக்கொண்டது. எங்களுக்குக் கிடைத்தது அவன் தூக்கம்.

அதை நான் அவனிடம் சொன்னதில்லை. "பெரிய ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பால் வடிகிற நேரம்

அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். அம்மாவுக்கு அதைப் பற்றிப் பெரிய ஏக்கம் எல்லாம் கிடையாது. "அட்டையும் கொசுவும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஆனால் நான் ஒருமுறை கேட்டேன், அங்கே யாரும் சும்மாவே உட்கார மாட்டார்களா என்று.

பாலுக்காக மரப்பட்டையை வெட்டி முடித்ததும் பால் வடிந்து கோப்பை நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பசியாறுவார்கள். பிறகாவது உட்காரலாம்தானே?

"எங்க உக்கார்றது? கோப்பையில ஒட்டுன கட்டிப்பால நோண்டி எடுக்கணும். வெறகு பொறுக்கணும். கீரை ஆயணும். மேல்பார்வைக்கு மண்டோர் வந்து பாத்தா, கையில ஏதாச்சும் இருக்கணும்."

"ஒண்ணும் இல்லாட்டி?"

"ஒண்ணும் இல்லாட்டி ஒரு குச்சியாச்சும் இருக்கணும்."

தோட்டத்தில் அவர்கள் சொன்ன வார்த்தை வேறு. மெனக்கெடுவது. ஒரு நாள் வேலை கெட்டுப் போவது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மெனக்கெடுவார்கள். அடுத்த தோட்டத்தில் சாவு என்றால் மெனக்கெட்டுப் போவார்கள். ஆனால் சும்மா இருப்பதற்காக யாரும் மெனக்கெட்டதாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. லெப்பாக் என்ற வார்த்தையையே அவர் புந்தோங் வந்த பிறகுதான் கேட்டாராம். கேட்ட அன்றே அதைத் திட்டாக எடுத்துக்கொண்டார். மண்டோர் இல்லாத ஊரில் அவரே மண்டோர்.

இன்றைக்கும் டிவி பார்க்கும்போது அம்மா மடியில் ஒரு தட்டு இருக்கும். நெத்திலியோ வெங்காயமோ எதையாவது உரித்துக்கொண்டே இருப்பார். போனில்கூட ஒரு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார். "சரி சரி, வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவார். சாவுச் செய்திகூட இரண்டு வரிதான்.

நாலாம் நாள்

அண்ணனுக்கு டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல். முதல் மூன்று நாள் காய்ச்சல் நெருப்பாக இருந்தது. நாலாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். அம்மா ரசம் வைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். போர்வையை உதறி வெய்யிலில் போட்டார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"காச்சல்தான் விட்டுருச்சு இல்ல. இன்னும் என்னா லெப்பாக்?" என்றார் அம்மா. விளையாட்டாகத்தான். அண்ணனும் லேசாகச் சிரித்தான்.

டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆளை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு நாள் இருந்தான்.

அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. இங்கே எழுதுகிறேன். அம்மா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை.

வண்டி கிளம்பும் முன்னால் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தத் திடலு பக்கம் வண்டி நிக்கக் கூடாது."

"பசங்க காத்திருப்பாங்க மா."

"அங்க உக்காந்துதான் கொசு கடிச்சுது. அந்த எடந்தான் எம்புள்ளய தின்னுச்சு. நிக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் அம்மா வண்டியில் இல்லை. நான் நிறுத்தியிருந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. ஓட்டுநர் நிறுத்தத் தயாராக இருந்தார். மாமா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழுவி வைத்த அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு அழகாகக் கழுவியிருந்தார்கள். அவன் அங்கேதான் பிறந்து வளர்ந்தது போல. எல்லாச் சாயங்காலத்தையும் எடுத்துக்கொண்டீர்கள், இன்னும் இரண்டு நிமிடமா என்று தோன்றியது. அதனால்தான் போங்கள் என்றேன்.

பதினாறு நாள்

வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். ஆட்கள் வந்து வந்து உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து யூனிபாரத்தோடு வந்தவர்கள் உண்டு. வந்தார்கள், உட்கார்ந்தார்கள். கோப்பி குடித்தார்கள். பிஸ்கட்டைப் பிட்டு வைத்தார்கள், சாப்பிடவில்லை. ஒன்றும் பேசாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாரேன்மா" என்று எழுந்து போனார்கள்.

இன்னொரு மாமா மூன்று நாள் லீவு போட்டு வந்தார். அந்த மூன்று நாளும் ஒரே நாற்காலியில் இருந்தார். அவர் என்ன பேசினார் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த மூன்று நாள் எனக்கு ஓடியிருக்காது.

யாரும் யாரையும் "ஏன் சும்மா உக்காந்திருக்க" என்று கேட்கவில்லை.

வராதவர்கள் ஜீவாவும் அந்தப் பையன்களும்தான். பதினாறாம் நாள் படையல் முடிந்து இலை போட்டபோது அம்மா கேட்டார்.

"அந்தப் பசங்க வரல?"

"வேலையா இருக்கும் மா."

அம்மா அடுத்த இலைக்குச் சோறு போடப் போனார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் திடல் பக்கம் போகவில்லை. தொழிற்சாலை பஸ் திடல் முனையில்தான் நிற்கும். நான் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, கோயில் பின்பக்கமாகச் சுற்றி நடப்பேன். இருபது நிமிடம் கூடுதல். கால் வீங்கிய நாளிலும் அப்படித்தான். இரண்டு மாதம்.

அம்மாவிடம் பஸ் தாமதம் என்பேன்.

தூங்கிப் போன நாள்

போன மாதம் ஒருநாள் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஓட்டுநர், "புந்தோங் கடைசி ஆளு, எறங்கு லா" என்கிறார். இறங்கி, பஸ் போன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன்.

சீட்டில் அண்ணனின் கூட்டாளி அசார் உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா ஈப்போ டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். மத்தியானக் கூட்டம் முடிந்ததும் அசார் கடையை விட்டு இங்கே வந்துவிடுவார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். ஜீவா பக்கத்தில் மோட்டார் மேல் சாய்ந்து நின்றார்.

அசார்தான் என்னை முதலில் பார்த்தார்.

"கவி. வா, உக்காரு."

"இல்லண்ணே. பஸ்ல தூங்கிட்டேன். எறங்க வேண்டிய எடம் போயிருச்சு."

"இதுதானே எறங்க வேண்டிய எடம்? ஸ்கூல் போன காலத்துலருந்து இங்கதான எறங்குன."

"வண்டியில வந்தா அவ கண்ணுக்கு எடம் தெரியாது மச்சான்" என்றார் ஜீவா, என்னைப் பார்க்காமல்.

"டே."

"என்னா டே?"

அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். ஆனால் கால் வரவில்லை. கோபமோ வெட்கமோ இல்லை, அலுப்பு. இரண்டு மாத அலுப்பு. போய் உட்கார்ந்துவிட்டேன்.

அசார் தன் கையில் இருந்த ஐஸ் டீயை நீட்டினார். பிளாஸ்டிக் பையில் உறிஞ்சுகுழல் போட்டுக் கட்டியது. வாங்கிக் குடித்தேன். ஐஸ் கரைந்து தண்ணீராக இருந்தது.

வண்டி ஏன் நிற்கவில்லை என்று இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"என்னாண்ணே பண்றீங்க?"

"லெப்பாக்" என்றார் அசார்.

"அது தெரியுது. என்னா பண்றீங்கன்னு கேக்குறேன்."

"அதான் சொன்னேனே."

திடலோரம் ஒருவர் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கார், பின்னால் 'எல்' அட்டை. இரண்டு சிமெண்டுக் கல்லுக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும் போல. பக்கத்தில் அவர் பொண்டாட்டி குடையோடு நின்று கை காட்டினார்.

"நாலு நாளா வாரான் லா" என்றார் அசார். "எடது கல்ல எப்பவும் இடிச்சிருவான்."

"பொண்டாட்டி தப்பாக் காட்டுறா" என்றார் ஜீவா.

"அவ சரியாத்தான் காட்டுறா. அவன் கண்ணாடி பாக்க மாட்டேங்குறான்."

"நீ பெரிய டெஸ்ட் ஆபீசர்."

பத்து நிமிடம் இதைத்தான் பேசினார்கள். கார் மெதுவாகப் பின்னால் வந்தது, நின்றது, முன்னால் போனது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோள் கீழே இறங்குவது எனக்கே தெரிந்தது. இத்தனை நாளாக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன் போல. இதற்காகத்தான் அவன் தினம் வந்தானா என்று நினைத்தேன். வீட்டில் இதை ஏன் நாங்கள் அவனுக்குக் கொடுக்கவில்லை என்றும் நினைத்தேன்.

"ஜீவாண்ணே."

"வேணாம் கவி."

"டிரைவர் நிறுத்தத்தான் பாத்தாரு. நான்தான் போகச் சொன்னேன்."

"தெரியும். வாய் அசஞ்சத பாத்தேன்." அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏன்?"

அம்மா சொன்னார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. அதோடு, அம்மா தலையில் இன்னும் ஒரு பழியை வைக்க எனக்கு மனசு இல்லை.

"எனக்குக் கோவம்."

"எங்க மேலயா?"

"சீட்டு மேல."

அசாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பஸ் சீட்டு மேல கோவப்பட்ட மொத ஆளு நீதான் லா" என்றார். ஜீவா சிரிக்கவில்லை.

"காலையில ஆறு மணிக்கு வந்து கழுவுனோம் கவி" என்றார். "பக்கெட்ல தண்ணி தூக்கிட்டு வந்து. அந்தப் பக்கம் இருக்குற கொழாய்ல இருந்து."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அம்மா போன்

அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க? பஸ்ஸு போயி எவ்ளோ நேரமாச்சு."

பஸ் தாமதம் என்பது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதற்கும் தெம்பு வேண்டும்.

"திடல்ல இருக்கேன் மா."

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"என்னா பண்ற அங்க?"

"லெப்பாக் மா."

ஜீவா தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ சீறுவது மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டார்.

"யாரு இருக்கா கூட?"

"ஜீவாண்ணே. அசாரண்ணே."

"ஜீவாகிட்ட குடு."

நீட்டினேன். ஜீவா இரண்டு கையாலும் வாங்கினார். எங்கள் அம்மா போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

"ஏன்டா, பதினாறுக்கு ஏன் வரல?"

"வேல ஆண்ட்டி."

"பொய் சொல்லாத. ஒங்களுக்குன்னு நாலு எலை தனியா எடுத்து வச்சிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தேன்."

ஜீவா செருப்பு முனையால் மண்ணைக் கிளறினார்.

"வண்டி நிக்கல ஆண்ட்டி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சின்னப் பிள்ளை போல இருந்தது.

அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"நான்தான் நிக்கக் கூடாதுன்னேன். அவள ஒண்ணும் சொல்லாத. நான் சொன்னதத்தான் அவ செஞ்சா."

ஜீவா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்படி இல்லை, நானும்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தலையை ஆட்டினேன். அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி விடுங்க ஆண்ட்டி" என்றார் கடைசியில், பார்வையை எடுக்காமலே. அம்மாவுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா, கேட்கவில்லை. பிறகு சீட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா சமையல் இன்னிக்கு?"

"என்னத்த சமையல். நெத்திலி சம்பலு. பயித்தங்கா வாங்குனேன், பாதி முத்தல்."

"எந்தக் கடையில?"

அம்மா கடையைச் சொன்னார். கடைக்காரனைச் சொன்னார். அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னார். பக்கத்து வீட்டில் புதிதாக வளர்க்கிற கோழி நேரம் காலம் தெரியாமல் கூவுவதைச் சொன்னார். ஜீவா "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். வேலை கெடக்கு என்று அம்மா வைப்பார், இதோ வைப்பார் என்று நான் போனையே பார்த்திருந்தேன். வைக்கவில்லை.

"அங்க என்னாடா சத்தம்?"

"ஒருத்தன் கார் பழகுறான் ஆண்ட்டி. பின்னால எடுக்கத் தெரியல. நாலு நாளா அதே கல்ல இடிக்கிறான்."

"இன்னிக்கு இடிச்சானா?"

"இன்னும் இல்ல. மறுபடி எடுக்கப் போறான். பாத்துட்டு இருக்கோம்."

"சரி. இடிச்சா சொல்லு" என்றார் அம்மா. "நான் வைக்கல."